அறிக்கையோடு நின்றுபோகும் ஆய்வுகள்: மதுரை மாணவர் அறிவியல் அச்சேறும் வழி

பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவர்கள் தம் சுற்றுப்புறத்தில் காணும் ஒரு சிக்கலைத் தாமே தேர்ந்தெடுத்து, வழிகாட்டி ஆசிரியர் ஒருவரின் துணையோடு அதை அளந்தும் எண்ணியும் ஆராய்ந்து, கண்டதை அறிக்கையாக எழுதி நடுவர்கள் முன் எடுத்துரைக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ஆம் ஆண்டு முதல் இந்தியா முழுவதும் நடந்து வருகிறது. மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை ஆதரவளித்த இந்த மாநாட்டைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்த பெருமை தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தைச் சாரும். மாவட்டத்தில் தேறிய அறிக்கை மாநிலத்துக்கும், அங்கிருந்து தேசிய மாநாட்டுக்கும் செல்லும். தேறாதவை, அதாவது மிகப் பெரும்பான்மையானவை, பங்கேற்புச் சான்றிதழோடு பள்ளிக்குத் திரும்பி அலமாரியில் அடங்கிவிடும். தேறியவற்றின் கதியும் பெரிதாக வேறுபடுவதில்லை. பாராட்டு முடிந்ததும் அவற்றையும் தேடிப் படிப்பவர் அரிது. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள வைகைச் சமவெளியிலும் மாணவர் ஆய்வுக்குப் பொருள் குறைவில்லை, ஆர்வமும் குறைவில்லை. குறைவது, முடிந்த ஆய்வைப் பிறர் படிக்கவும் சரிபார்க்கவும் தக்க வடிவில் வெளியிடும் ஏற்பாடு ஒன்றே.

இந்த மாநாட்டின் வித்து மத்தியப் பிரதேசத்தின் குவாலியர் அறிவியல் மையம் சிறாரிடையே நடத்திய முயற்சிகளில் முளைத்து, பின்னர் நாடு தழுவிய திட்டமாக விரிந்தது. தமிழ்நாட்டில் அது வந்து சேர்ந்தபோது நிலம் முன்பே பண்பட்டிருந்தது. 1980-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் மாத இதழைப் புதுச்சேரி அறிவியல் இயக்கத்தோடு இணைந்து நடத்தி வந்தது. அதே ஆண்டில் நாடெங்கும் சென்ற மக்கள் அறிவியல் கலைப்பயணமும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த அறிவொளி இயக்கமும் அறிவியலைத் தமிழில் பேசுவதற்குப் பழகிய ஆசிரியர் படை ஒன்றை மாவட்டந்தோறும் உருவாக்கியிருந்தன. மாநாட்டின் விதிகளில் மிக முற்போக்கானது மொழி பற்றியது: அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் அறிக்கை எழுதலாம் என்பதால், உசிலம்பட்டியிலோ மேலூரிலோ தமிழ்வழியில் படிக்கும் மாணவி தன் தாய்மொழியிலேயே தேசிய அரங்கு வரை செல்ல இயலும். ஆராய்வதற்கு ஆங்கிலம் முன்நிபந்தனை அன்று என்று 1993-லேயே ஒப்புக்கொண்ட திட்டம், வெளியிடுவதற்கு மட்டும் எம்மொழியிலும் வழி வைக்காமல் விட்டது வியப்புக்குரியது.

வெளியீடு என்பது ஆய்வு முடிந்தபின் சூட்டப்படும் மாலை என்னும் எண்ணமே இந்தக் குறைக்கு வேர். 1665-இல் லண்டன் அரச கழகத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் உலகின் முதல் அறிவியல் ஆய்விதழ்களுள் ஒன்றைத் தொடங்கிய காலம் முதல், ஒருவர் கண்டதை இன்னொருவர் படித்து, ஐயுற்று, தாமும் செய்து பார்ப்பதே அறிவியலின் நடைமுறையாக இருந்து வருகிறது. அந்த வாய்ப்பு இல்லாத ஆய்வு, எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருந்தாலும், பயிற்சி என்ற அளவோடு நின்றுவிடும். 2014, 2015 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்கும் மாநாட்டின் மையப்பொருள் வானிலையும் காலநிலையும் ஆகும். அதை அடுத்து வந்த 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து கடும் வறட்சி ஏற்பட்டது. வறட்சிக்கு முந்தைய அவ்விரு ஆண்டுகளில் பள்ளி மாணவர்கள் குறித்த மழை அளவும் கண்மாய் நீர்மட்டமும் ஊர்வாரியாக ஓரிடத்தில் சேர்த்து வெளியிடப்பட்டிருந்தால், வானிலைத் துறையின் மழைமானி இல்லாத ஊர்களைப் பற்றி இன்று கேட்கப்படும் பல கேள்விகளுக்கு அவை விடையாகியிருக்கும். கடந்துபோன ஆண்டை மறுபடி அளக்க முடியாது என்பதால், இவ்வகை ஆய்வில் வெளியிடத் தவறுவது இழப்பையே தரும்.

நிலத்தடி நீருக்கும் இது பொருந்தும். நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவை டிடிஎஸ் என்பர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் குடிநீருக்கு ஒரு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 2000 வரை பொறுக்கலாம் என்றும் வரையறுத்துள்ளது. இதை அளக்கும் பேனா வடிவக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒரே ஊரின் அதே கிணறுகளை ஆண்டுதோறும் சித்திரையிலும் கார்த்திகையிலும் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மாறி மாறி அளந்து, முந்தைய அணியின் பட்டியலோடு தம் பட்டியலையும் வெளியிட்டு வந்தால், பத்தாண்டுகளில் அது பல்கலைக்கழக ஆய்வாளரும் தேடிவரும் ஆவணமாகும். அணி மாறலாம், ஆசிரியர் மாற்றலாகிப் போகலாம். அச்சேறிய பட்டியல் இருந்தால் தொடர்ச்சி அறுவதில்லை.

ஒரு பூ, மூன்று கூடை

வெளியிடத்தக்க ஆய்வு எத்தகையது என்பதை மதுரையின் மல்லிகையைக் கொண்டே விளக்கலாம். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி, விடிகாலையில் முற்றிய அரும்பாகப் பறிக்கப்பட்டு, மாட்டுத்தாவணிப் பூச்சந்தை வழியே கைமாறி, மாலையில் மலர்கிறது. மலர்ந்துவிட்ட பூவுக்கு விலை இறங்கிவிடும் என்பதால், விற்போர் ஈரத்துணி போர்த்தியும், தொலைவூர்களுக்கு அனுப்பும்போது பனிக்கட்டியுடன் தெர்மோகோல் பெட்டியில் அடைத்தும் மலர்ச்சியைத் தள்ளிப்போடுகின்றனர். இவற்றுள் எது எத்தனை மணிநேரத்தை மிச்சப்படுத்துகிறது என்னும் கேள்வி ஒரு பள்ளி அணிக்குப் போதுமானது. விடையால் பயனடைவோரும் பக்கத்திலேயே இருக்கின்றனர்.

ஒரே தோட்டத்தில், ஒரே நேரத்தில் பறித்த அரும்புகளை நூறு நூறாக மூன்று கூடைகளில் பிரித்து, ஒன்றைத் திறந்தபடியும், ஒன்றை ஈரத்துணி மூடியும், ஒன்றைப் பனிக்கட்டிப் பெட்டியிலும் வைப்பது ஆய்வின் அமைப்பு. எந்த ஏற்பாடும் செய்யாமல் வைக்கப்படும் முதல் கூடைக்கு ஒப்பீட்டுக் குழு என்று பெயர். அது இல்லாவிட்டால் மற்ற இரண்டில் கண்ட தாமதம் ஏற்பாட்டினால் வந்ததா, அன்றைய தட்பவெப்பத்தினால் வந்ததா என்று சொல்ல இயலாது. ஆய்வாளர் வேண்டுமென்றே மாற்றுவதையும் அதனால் மாறக்கூடியதையும் மாறிகள் என்பர். இங்கே வைப்புமுறை ஒரு மாறி, பாதி அரும்புகள் விரிய எடுக்கும் நேரம் மற்றொரு மாறி. எந்த அளவு விரிந்தால் ‘மலர்ந்தது’ என்று கணக்கிடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையெனில் எண்ணுபவரின் விருப்பம் கணக்கில் புகுந்துவிடும். மணிக்கொருமுறை ஒவ்வொரு கூடையிலிருந்தும் அரும்புகளைத் தட்டில் பரப்பி, எது எந்தக் கூடையினது என்று அறியாத மாணவரிடம் கொடுத்து எண்ணச் சொல்வது இன்னும் சிறந்தது. ஒரு நாளோடு நிறுத்தாமல் வெவ்வேறு நாள்களில் திரும்பச் செய்து, ஒவ்வொரு நாளின் வெப்பநிலையையும் குறித்தால்தான் முடிவு நம்பத்தக்கதாகும்.

இதை எழுதும் முறை உலகெங்கும் ஏறத்தாழ ஒன்றே: கேள்வி ஏன் எழுந்தது என்னும் அறிமுகம், என்ன செய்யப்பட்டது என்னும் முறை, என்ன காணப்பட்டது என்னும் முடிவு, அதற்கு என்ன பொருள் என்னும் விவாதம். மாணவர் அறிக்கைகள் பெரும்பாலும் அறிமுகத்தில் வழுக்கி விழுகின்றன. மல்லிகையின் பெருமை, தாவரவியல் பெயர், மருத்துவப் பயன் என்று பாடநூலிலிருந்தும் இணையத்திலிருந்தும் எடுத்துப் பல பக்கங்களை நிரப்பிவிட்டு, தாமே எண்ணிய எண்களுக்குக் கடைசியில் அரைப்பக்கம் ஒதுக்குவது பரவலான பழக்கம். அந்த அரைப்பக்கமே உலகில் வேறெவரிடமும் இல்லாதது. முறை என்னும் பகுதியை இன்னொரு பள்ளி மாணவர் படித்து, எழுதியவரிடம் ஒன்றும் கேட்காமல் அதே சோதனையைச் செய்ய முடிகிறதா என்பதே எழுத்துக்கான தேர்வு. ஈரத்துணியால் பயன் ஏதும் இல்லை என்று தெரியவந்தால் அதையும் அப்படியே எழுத வேண்டும். ‘தோல்வி’ என்று கருதி மதிப்பெண்ணுக்கு அஞ்சி மறைக்கப்படும் முடிவு, சந்தையில் நாள்தோறும் துணி நனைப்போருக்கு மிகவும் தேவையான செய்தியாக இருக்கக்கூடும்.

எதிர்மறையான முடிவு எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு அமெரிக்கச் சிறுமி எமிலி ரோசாவின் ஆய்வு சான்று. நோயாளியைத் தொடாமலே அவர் உடலைச் சூழ்ந்த ஆற்றலைக் கைகளால் உணர்ந்து சீராக்குவதாகச் சொல்லும் சிகிச்சையாளர்களை அவர் தம் ஒன்பதாம் வயதில் சோதித்தார். தடுப்புக்கு அப்பாலிருந்து அவர்கள் கையை நீட்ட, எமிலி நாணயம் சுண்டித் தீர்மானித்து, அவர்களது இடக்கை அல்லது வலக்கைக்கு மேல் தம் கையைப் பிடித்தார். எந்தக் கை என்று அவர்கள் சொல்ல வேண்டும். 21 பேரிடம் செய்த 280 சோதனைகளில் 123 விடைகளே சரி, அதாவது 44 சதவீதம்; கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலே 50 கிடைத்திருக்கும். 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் இது வெளியானபோது அவருக்கு வயது 11. கட்டுரையில் அவருடைய தாய் உள்ளிட்ட பெரியவர்கள் மூவரும் ஆசிரியர்களாக இருந்தனர். யார் எதைச் செய்தார் என்பது வெளிப்படையாக இருந்தது. சோதனையின் இரண்டாம் கட்டத்தைத் தொலைக்காட்சிக் குழுவொன்று படம்பிடித்திருந்ததும் கவனிக்கத்தக்கது: எழுத்தை ஐயுற்றவர்கள் காட்சியைப் பார்க்கலாம்.

இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள பிளாக்காட்டன் கிராமத் தொடக்கப் பள்ளியின் 25 குழந்தைகள், எட்டு முதல் பத்து வயதினர், 2010-இல் வேறொரு வழியைக் காட்டினர். நிறத்தையும் இடஅமைப்பையும் சேர்த்துப் பார்த்து எந்தப் பூவில் தேன் இருக்கும் என்று வண்டுத்தேனீக்கள் கற்றுக்கொள்கின்றன என்னும் அவர்களுடைய ஆய்வு, வண்ணப் பென்சிலால் வரைந்த படங்களோடு, மேற்கோள் பட்டியலோ புள்ளியியலோ இன்றி அரச கழகத்தின் உயிரியல் இதழில் ஏற்கப்பட்டது. குழந்தைகளின் மொழி திருத்தப்படவில்லை; அதற்கு மாற்றாக, முந்தைய ஆய்வுகளோடு இதை இணைத்துக் காட்டும் விளக்கவுரையைத் துறையறிஞர்கள் தனியே எழுதி உடன் வெளியிட்டனர். மாணவர் எழுத்தைப் பெரியவர் மாற்றி எழுதிவிடும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல மாற்று இல்லை.

காட்சி எதற்கு

காணொளியின் பயன் விளம்பரம் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. அறிவியலில் அதன் முதற்பயன் முறையைக் காட்டுவது. அரும்பு எவ்வளவு விரிந்தால் மலர்ந்ததாகக் கொள்ளப்பட்டது என்பதை மூன்று வாக்கியங்களில் எழுதினாலும் மிஞ்சும் ஐயத்தை ஓர் அண்மைக் காட்சி தீர்த்துவிடும். 2006-இல் தொடங்கிய ‘ஜோவ்’ என்னும் ஆய்விதழ், சோதனை முறைகளைக் காணொளியாகவே வெளியிடுவது இக்காரணத்தால்தான். கைபேசி ஒன்றைத் தாங்கியில் அசையாமல் நிறுத்தி, காலை ஆறு முதல் மாலை ஆறு வரை ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் 144 படங்கள் சேரும். நொடிக்கு 24 படமாக ஓட்டும்போது ஒரு முழுப் பகல் ஆறு நொடியில் அடங்கி, மூன்று கூடைகளின் வேறுபாட்டை எழுத்தறியாதவரும் கண்ணால் காண்பர். சட்டகத்துக்குள் ஓர் அளவுகோலும் கடிகாரமும் இருந்தால் அந்தப் படமே தரவாகிவிடும். தரவு என்பது பின்னர் எவரும் எடுத்துத் திரும்பக் கணக்கிடக்கூடிய மூலப்பதிவு.

காணொளிக்கு உரிய ஆபத்தும் உண்டு. வெட்டி ஒட்டும் வசதி, தவறிய முயற்சிகளைச் சுவடின்றி நீக்கிவிடும். பின்னணி இசையும் துள்ளல் எழுத்துகளும் ஐயத்துக்கு இடமில்லாத தோற்றத்தைத் தரும். ஆகவே வெளியிடும் படத்தோடு வெட்டப்படாத மூலப்பதிவையும் பள்ளியில் பாதுகாப்பது நன்று. விளக்கிக் காட்டும் திறமைக்கான போட்டிகள் தனியே உள்ளன. 13 முதல் 18 வயதினருக்கான பிரேக்த்ரூ ஜூனியர் சேலஞ்ச் என்னும் உலகப் போட்டியில், உடலின் நாள்முறை இயக்கத்தை விளக்கிய காணொளிக்காகப் பெங்களூரு மாணவர் சமய் கோடிகா 2018-இல் பரிசு பெற்றார். அது தெரிந்ததை விளக்குவது; இங்கு பேசப்படுவது புதிதாகக் கண்டதைக் காட்டுவது. இரண்டையும் ஒன்றாகக் கருதும் பள்ளிகள், ஆய்வே இல்லாத அழகிய படங்களை எடுப்பதில் நேரத்தைச் செலவிடுகின்றன.

எங்கே வெளியிடுவது என்னும் கேள்விக்கு இன்றுள்ள விடைகள் அரைகுறையானவை. ‘துளிர்’ இதழும், பள்ளிக் கல்வித் துறை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக நடத்தும் ‘தேன்சிட்டு’ இதழும் தமிழில் எழுதப் பழகுவோருக்கு நல்ல களங்கள். எனினும் அவை வாசிப்பு இதழ்களே, ஆய்விதழ்கள் அல்ல. ஆய்விதழை வேறுபடுத்துவது சக மதிப்பாய்வு: துறை தெரிந்த பிறர் கட்டுரையைப் படித்து, முறையின் ஓட்டைகளைச் சுட்டி, திருத்தி அனுப்பச் சொல்லும் நடைமுறை. ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் 2011-இல் நடுநிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கென்றே தொடங்கிய ஆய்விதழ் ஒன்று இப்பணியைச் செய்து வருகிறது. முனைவர் பட்ட ஆய்வாளர்களே அதன் மதிப்பாய்வாளர்கள். ஆங்கிலத்தில் எழுத இயலும் மதுரை மாணவருக்கு அது திறந்திருக்கிறது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி மையம் 2013 முதல் நடத்தும் ‘செனோடோ’ என்னும் இணையக் காப்பகத்தில் தரவையும் அறிக்கையையும் படத்தையும் எம்மொழியிலும் இலவசமாகச் சேர்த்து, டிஓஐ என்னும் நிலையான அடையாள எண்ணைப் பெறலாம். ஆனால் அங்கே மதிப்பாய்வு இல்லை. பறவைகளை எண்ணுவோருக்கு வழி இன்னும் எளிது: 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பில் வண்டியூர்க் கண்மாயில் கண்டதைப் பதிவுசெய்தால், அது அன்றே உலகத் தரவுத்தளத்தில் சேர்ந்துவிடும்.

இதற்கிடையே போலிகளும் பெருகியுள்ளன. கட்டணம் வாங்கிக்கொண்டு, பள்ளி மாணவரின் பெயரில் ‘மதிப்பாய்வு செய்யப்பட்ட’ கட்டுரையை வெளிக்கொணர்ந்து தரும் வணிகம் கல்லூரிச் சேர்க்கையைக் குறிவைத்து வளர்ந்துள்ளதை 2023-இல் அமெரிக்காவின் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் விரிவாக வெளிக்கொண்டு வந்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழுவே 2018-இல் தன் ஏற்புப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. ஐஎஸ்எஸ்என் எண் இருப்பதைத் தரச் சான்றாகப் பெற்றோரிடம் காட்டுவோர் உண்டு. அது இதழ் ஒன்றை அடையாளங்காண வழங்கப்படும் பதிவெண் மட்டுமே, இந்தியாவில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு திருத்தமும் கேட்காமல் ஒரு வாரத்தில் ஏற்று, உடனே பணம் கேட்கும் இதழிலிருந்து மாணவர் கற்பது அறிவியல் அன்று.

ஆக, தமிழில் மதிப்பாய்வோடு கூடிய ஒரு மாணவர் ஆய்விதழுக்கான தேவை தெளிவு; அதை நடத்த மதுரைக்குத் தகுதியும் உண்டு. 1881-இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, 1966-இல் தோன்றிய காமராசர் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் முதுநிலை அறிவியல் படிப்போர், ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு கட்டுரைகளைப் படித்துத் தமிழில் கருத்து எழுதினாலே மாவட்டத்தின் தேவை பெருமளவு நிறைவேறும். அவர்களுக்கும் இது பயிற்சிதான்: தம் பாடத்தைத் தமிழில் விளக்க அவர்களை இதுவரை எவரும் கேட்டதில்லை.

பள்ளியின் கால அட்டவணையில் இதற்கு இடம் எங்கே என்பது கடினமான கேள்வி. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் கருத்தாளர்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பிச் சோதனைகளைச் செய்து காட்டுகிறது; எனினும் அது ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கே உரியது. அங்கே கிளர்ந்த ஆர்வம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முன் ஒடுங்கிவிடுகிறது. மாநிலக் கல்விக் கொள்கையின்படி பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26 முதல் கைவிடப்பட்டிருப்பதால், இரண்டு பொதுத்தேர்வுகளுக்கு இடையே ஓராண்டு விடுபட்டுள்ளது. பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் பழக்கம் அந்த ஆண்டையும் விழுங்குவதற்குள், ஒன்பதில் ஆய்வு, பதினொன்றில் அதையே விரித்து எழுதி வெளியிடுதல் என்று வகுத்துக்கொள்ளும் பள்ளி முந்திக்கொள்ளும்.

வெளியிடத் தொடங்கும்போது ஒப்புதல் பற்றிய நடைமுறையும் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்வதோடு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலையும் கோருகிறது. முகம் தெரியும் காணொளியை இணையத்தில் ஏற்றுமுன் கையெழுத்துப் பெறுவது முறை, கைகளையும் கருவியையும் மட்டும் காட்டுவது அதைவிட எளிது. பூ விற்பவரின் பேச்சைப் பதிவுசெய்தால் அவரது இசைவும் வேண்டும். ஆசிரியர் பெயரை வழிகாட்டி என்ற இடத்தில் போடுவதா, கட்டுரையாளர் வரிசையில் போடுவதா என்பதை ஆய்வு தொடங்கும்போதே பேசி முடிவுசெய்தால் பின்னர் மனக்கசப்பு இராது.

முதல் இதழுக்குப் புதிய ஆய்வு எதுவும் தேவைப்படாது. கடந்த மாநாடுகளின் அறிக்கைகள் பள்ளி அலமாரிகளிலும் ஆசிரியர் வீடுகளிலும் எஞ்சியிருக்கும். அவற்றுள் மூல அளவுகள் குறித்த பதிவேடு உடன் இருப்பவற்றை மட்டும் பிரித்தெடுத்து, எழுதியவர்களைத் தேடி இசைவு பெற்று, அறிமுகத்தைச் சுருக்கி, முறையையும் பட்டியலையும் முழுமையாக அச்சிடலாம். எழுதியவர்களில் முப்பதைக் கடந்தவர்களும், தாமே அறிவியல் ஆசிரியர்களாகிவிட்டவர்களும் இருப்பர். அதே கிணற்றையும் கண்மாயையும் இப்போதைய மாணவர்களைக் கொண்டு மறுபடி அளக்கச் செய்வது அவர்களுக்கு எளிது.